அழகும் கைப்பழக்கமும்: பொருள் வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பட்டறையிலோ சின்ன கம்பெனியிலோ பொருள் செய்பவர்களுக்காகவும், கடைகளுக்குச் செயலியும் போர்டும் ஸ்டிக்கரும் வடிவமைத்துத் தருபவர்களுக்காகவும் எழுதியது. இதில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்து வேலையில் பயன்படுத்தலாம்.

அழகு கூடினால் பயன்பாடு குறையும் என்கிறார்களே, உண்மையா?

பொருளைக் கடை அலமாரியில் வைத்து மட்டும் பார்த்து வடிவமைத்தால் அப்படித்தான் ஆகும். அது புழங்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்களைக் கவனியுங்கள். கழுத்து குறுகலாக இருப்பதால் கை அதை வளைத்துப் பிடிக்கிறது. நடக்கும்போது தண்ணீர் அலம்பினாலும் அதிகம் சிந்துவதில்லை. வயிறு உருண்டிருப்பதால் இடுப்பில் ஏறி உட்காருகிறது. வாய் வெளிப்பக்கம் மடிந்திருப்பதால் விரலை மாட்டித் தூக்க முடிகிறது. 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனத்தைக் கையிலிருந்து இடுப்புக்கு மாற்றுவதற்காக வந்த வளைவைத்தான் நாம் அழகு என்று பார்க்கிறோம். பளீரென்ற பச்சையும் ஆரஞ்சும்கூட வீணில்லை: நாற்பது குடம் நிற்கும் வரிசையில் தன் குடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க நிறம்தான் உதவுகிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே ஆக அழகானது என்று லோட்டாவைத்தான் எடுத்துச் சொன்னார்கள். எவ்வளவு பிடிக்கும், நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எங்கே நிற்கும், எப்படி ஊற்றுவது, எப்படித் துலக்குவது, இடுப்பில் எப்படி அமரும், என்ன விலை என்று அதற்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. ஒரு புதிய பொருளை வரைய உட்காரும் முன் இதே கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பதில் தேடுங்கள். பாதி வடிவம் அங்கேயே கிடைத்துவிடும்.

அழகான பொருள் உண்மையிலேயே சுலபமானதா, சுலபம் மாதிரித் தெரிகிறதா?

முதலில் தெரிகிறது. 1995-இல் ஜப்பானில் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தின் மசாகி குரோசுவும் கயோரி காஷிமுராவும் ஏ.டி.எம். திரையின் பட்டன் அமைப்பை 26 விதமாக வரைந்து 252 பேரிடம் காட்டினார்கள். எது அழகு, எது பயன்படுத்தச் சுலபமாகத் தெரிகிறது என்று இரண்டு மதிப்பெண் வாங்கினார்கள். அழகு என்று மதிப்பெண் வாங்கியதே சுலபம் என்றும் வாங்கியது. பயன்பாட்டுக்காக வடிவமைப்பாளர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடுகள் அந்த மதிப்பெண்ணை அவ்வளவாக அசைக்கவில்லை. இஸ்ரேலில் நோம் டிராக்டின்ஸ்கி 1997-இல் இதைத் திரும்பச் செய்தார். தொடர்பு இன்னும் வலுவாக வந்தது. 2000-இல் அவர் குழு ஒரு படி மேலே போய் ஆட்களை ஏ.டி.எம்.மைப் பயன்படுத்தவே வைத்தது. பயன்படுத்திய பிறகும் அழகான திரையையே சுலபமானது என்றார்கள்.

2012-இல் அலெக்ஸாண்டர் டூக் குழுவினர் ஓர் இணையக் கடையை வைத்துச் செய்த ஆய்வில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பயன்படுத்தக் கஷ்டமாக இருந்த கடையில் உழன்றவர்களுக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்குப் பிறகு அதே பக்கத்துக்கு அழகு மதிப்பெண்ணும் குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேலைக்கு உதவும் ஒரு விஷயம் கிடைக்கிறது. அழகு முதல் சந்திப்பில் பயனரிடமிருந்து பொறுமையைக் கடனாக வாங்கித் தருகிறது. கை மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடன் தீர்கிறது. தீர்ந்த பிறகு பொருள் அசிங்கமாகவே தெரியத் தொடங்கும். ஒரே முறை பயன்படுத்தும் கல்யாணப் பத்திரிகைக்கு அந்தக் கடன் போதும். தினமும் இருபது முறை திறக்கும் டிபன் பாக்ஸுக்குப் போதாது.

அப்படியானால் அழகு வெறும் மேல்பூச்சுதானே? செலவைக் குறைக்க முதலில் அதை வெட்டலாமா?

வெட்டக் கூடாது. 2010-இல் ஆண்ட்ரியாஸ் சோண்டரெக்கரும் யூர்கன் சாவரும் வளரிளம் பருவத்தினர் 60 பேரிடம், செயல்பாட்டில் துளியும் வித்தியாசம் இல்லாத இரண்டு கைப்பேசி மாதிரிகளைக் கொடுத்தார்கள். ஒன்று பார்க்க நன்றாக இருந்தது, மற்றது இல்லை. நன்றாக இருந்ததில் வேலையை முடிக்க எடுத்த நேரமே குறைந்தது. பொருளின் மேல் மனம் ஒட்டினால் கையும் தயங்காமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. கோடுகள் நேராக இருப்பது, ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரி பட்டன் இருப்பது, தேவையானது முன்னும் மற்றது பின்னும் இருப்பது ஆகியவற்றைப் பார்ப்பவர் அழகு என்பார், பயன்படுத்துபவர் சுலபம் என்பார். பிரௌன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிக் லுப்ஸும் செய்த கால்குலேட்டரில் பட்டன்கள் குவிந்த வட்டங்களாக இருக்கும். சமக் குறி மட்டும் மஞ்சள். விரல் நுனி ஒரு நேரத்தில் ஒரே குவிவில்தான் படும், பக்கத்துப் பட்டன் அமுங்காது. கணக்கு எங்கே முடிகிறது என்று மஞ்சள் சொல்லிவிடுகிறது. அதில் அழகுக்கென்று தனியாக எதையும் ஒட்டவில்லை.

அலங்காரத்தை எங்கே சேர்க்கலாம், எங்கே கை வைக்கவே கூடாது?

கேரம் போர்டை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். வியாசர்பாடி இளவழகி, வண்ணாரப்பேட்டை காசிமா என்று உலகப் பட்டம் வென்றவர்கள் வளர்ந்த பகுதி இது. போர்டின் ஒரு மில்லிமீட்டர் குற்றத்தைக்கூடத் தெருமுனை கிளப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூலைக் குழி 4.45 செ.மீ. ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ., 15 கிராம். ஆக, குழிக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே இருப்பது சுமார் 3 மி.மீ. பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று குழியின் உள்விளிம்பில் 2 மி.மீ. பித்தளை வளையம் பதித்தால் குறுக்களவு 4 மி.மீ. குறைந்து, முழு அளவு ஸ்ட்ரைக்கர் குழியில் விழவே விழாது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் அபராதம் என்ற விதியே அந்தப் போர்டில் செத்துப்போகும்.

அடுத்தது கோடுகள். ஸ்ட்ரைக்கரை வைக்கும் அடிக்கோட்டு ஜோடியும் அதன் இரு முனை வட்டங்களும் நடுவட்டமும் ஆட்டத்தின் விதிகளைக் கண்ணுக்குக் காட்டுபவை. இவற்றைத் தடிமனான பெயின்டில் வரைந்தால் மேடு கட்டி, மெதுவாக வரும் காயை வளைத்துவிடும். மெல்லிய மையில் அச்சிட்டு அதன் மேல் லாக்கர் அடித்து, கடைசியாக மிக நைசான எமெரியில் தேய்க்க வேண்டும். வழவழப்புக்கு விதியிலேயே சோதனை இருக்கிறது: நன்றாக ஆடுபவர் முழு வேகத்தில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் குறைந்தது மூன்றரை தடவை எதிர்ச்சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்குமாகப் போய்வர வேண்டும்.

கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் லாக்கர் கடையில் விற்கும். ஆனால் போர்டுக்கு மேலே தலைக்கு நேராக பல்பு தொங்கும் கிளப்பில் அதன் பிம்பம் நடுவட்டத்திலேயே விழுந்து சிவப்புக் காயை மறைக்கும். வழவழப்பும் பளபளப்பும் வேறுவேறு. அரைப் பளபளப்பு லாக்கரில் ஸ்ட்ரைக்கர் நன்றாகவே ஓடும்.

அப்படியென்றால் அலங்காரம் எங்கே? சட்டத்தின் வெளிப்பக்கம் முழுக்க உங்களுடையது: மர நிறம், செதுக்கல், மூலை இணைப்பு எல்லாம் அங்கே செய்யலாம். சட்டத்தின் மேல்பரப்பில் ஆடுபவரின் கை வந்து படும், அதனால் அங்கே வழவழப்பும் உருண்ட விளிம்பும் மட்டும் போதும். எந்தப் பொருளிலும் இப்படியே பிரித்துப் பாருங்கள். கை படும் இடம், கண் தகவல் தேடும் இடம், இரண்டும் இல்லாத இடம். மூன்றாவதில் மனம்போல அலங்கரிக்கலாம்.

கைப்பிடியை மெலிதாக வைத்தால் நேர்த்தியாக இருக்கிறது. எவ்வளவு மெலிதாகப் போகலாம்?

தூக்கும் கனத்தைப் பொறுத்தது. அமெரிக்க ராணுவத்தின் மனிதப் பொறியியல் தரநிலை 1472 சொல்வது: சுமார் 7 கிலோ வரை குறைந்தது 6 மி.மீ. விட்டம், 9 கிலோ வரை 13 மி.மீ.; 18 கிலோ வரை 19 மி.மீ.; அதற்கு மேல் 25 மி.மீ. 20 லிட்டர் வாளிக்கு வெறும் கம்பி வளையத்தைப் போட்டால் விரலில் பள்ளம் விழுவது இதனால்தான். சுத்தி, சட்டுவம் மாதிரி முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கும் பிடிக்கு 30 முதல் 50 மி.மீ. வைக்கலாம், அந்த எல்லைக்குள் மெலிதும் தடிமனும் உங்கள் ரசனை.

எங்கள் ஸ்டீல் பொருள் ஷோரூமில் அருமையாக இருக்கிறது. காசிமேடு, எண்ணூர் பக்கம் போனதும் டீத்தூள் நிறத்தில் கறை விழுகிறது. ஏன்?

உப்புக்காற்று. அதில் வரும் குளோரைடு ஸ்டீலின் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைக் குத்திக் கெடுக்கிறது. விலை குறைவு என்று 202 கிரேடு ஸ்டீல் போட்டால் சீக்கிரம் தெரியும். அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். 304-இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, வீட்டுக்குள்ளே போதும். கடலைப் பார்த்து நிற்கும் கைப்பிடிச் சட்டம், கடை முகப்பு, படகுச் சாமான் என்றால் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-க்குப் போங்கள்.

பலர் தவறவிடுவது ஃபினிஷ். இப்போது விரும்பிக் கேட்கப்படும் ஹேர்லைன் கோடு, கரடுமுரடாக அடித்தால் ஒவ்வொரு கோடும் உப்பைப் பிடித்து வைக்கும் வாய்க்கால். ஒரே கிரேடில் நல்ல பாலிஷ் போட்ட தகடு கறைபடாமல் நிற்க, கரடு ஹேர்லைன் தகடு கறைபடும். கடற்கரைப் பக்கம் பரப்பின் சொரசொரப்பு, அதாவது ஆர்.ஏ. அளவு, 0.5 மைக்ரானுக்குக் கீழே இருக்கட்டும். கோடு கண்டிப்பாக வேண்டுமென்றால் மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள், மழை கழுவிக்கொண்டு போகும். குறுக்காக ஓடினால் உப்பு அங்கேயே தங்கும். சாதாரண இரும்பு பிரஷ்ஷோ, இரும்பு வேலைக்குப் பயன்படுத்திய எமெரியோ ஸ்டீல் பக்கம் வரவே கூடாது; அதிலிருந்து ஒட்டும் இரும்புத்தூள் முதல் வாரமே துருப் புள்ளியாக எழும்பும்.

மீன் கடைக்கு கியூ.ஆர். ஸ்டிக்கர் அழகாகச் செய்து கொடுத்தோம். ஸ்கேன் ஆகவில்லை என்கிறார்கள்.

கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருக்கும்.

தங்க நிற ஃபாயிலில் அச்சிட்டிருக்கலாம். கேமராவுக்கு வேண்டியது கறுப்பு வெள்ளை வித்தியாசம். ஃபாயில் ஒரு கோணத்தில் வெள்ளையாகவும் இன்னொரு கோணத்தில் கறுப்பாகவும் தெரியும். கறுப்பு, அடர் நீலம், அடர் பச்சை ஆகியவற்றில் ஒன்றை வெள்ளை மேல் அடியுங்கள்.

சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைச் சாப்பிட்டிருக்கலாம். கட்டத்தின் ஒரு சிறு சதுரத்தைப் போல நான்கு மடங்கு அகலம் எல்லாப் பக்கமும் காலியாக விட வேண்டும். அந்த ஓரத்தில் பூ பார்டர் வரைவதுதான் அடிக்கடி நடக்கிறது.

நடுவில் லோகோ பெரிதாக இருக்கலாம். பிழைதிருத்தம் எல், எம், கியூ, எச் என்று நான்கு நிலை. முறையே சுமார் 7, 15, 25, 30 சதவீதம் சேதத்தைத் தாங்கும். லோகோ வைத்தால் எச் நிலை எடுத்து, லோகோவைக் கட்டத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். மிச்சம் தாங்கும் சக்தியை மீன் செதிலுக்கும் கீறலுக்கும் விட்டுவைக்க வேண்டும்.

கடைசியாக அளவும் மேல்பூச்சும். தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது நடைமுறைக் கணக்கு. ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்வார்கள் என்றால் 10 செ.மீ. வேண்டும். விடிவதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடக்கும் இடத்தில் பளபள லாமினேஷன் விளக்கையே திருப்பிக் காட்டும், மேட் போடுங்கள். காகிதத்தைவிட லாமினேஷன் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. வெளியே நீண்டு ஒட்டியிருந்தால் தண்ணீர் ஏறாது.

தமிழ்ச் செயலித் திரையில் ஆங்கில டிசைனை அப்படியே வைத்தால் ஏன் அசிங்கமாகிறது?

தமிழ் எழுத்து அகலமானது. மேலே கொக்கியும் புள்ளியும், கீழே சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போட்ட நெருக்கமான வரி இடைவெளியில் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்து அளவைப் போல 1.5 முதல் 1.7 மடங்கு வரி உயரம் கொடுங்கள்.

மெல்லிய ஃபான்ட் நாகரிகமாகத் தெரியும். ஆனால் வெயிலில் புள்ளி காணாமல்போய் ‘பல் மருத்துவம்’ ‘பல மருத்துவம்’ ஆகிவிடும். உடல் எழுத்துக்கு வழக்கமான தடிமனுக்குக் கீழே இறங்காதீர்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் வசதியைத் தமிழில் தொடவே வேண்டாம். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும்.

சாம்பல் எழுத்து இன்னொரு தொல்லை. 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளை மேல் 2.85-க்கு 1 வேறுபாடுதான் தருகிறது. இணைய அணுகல் தரநிலை சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. சாம்பலே வேண்டுமென்றால் 767676 அதைத் தொடுகிறது, 595959 இன்னும் நல்லது. தொடும் பட்டனுக்கு ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 டி.பி. (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்) சொல்கின்றன, ஈரக் கையோடும் ஓடும் பஸ்ஸிலும் பயன்படுத்தும் செயலிக்கு அதற்கு மேலேயே வைக்கலாம். ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதிவிட்டு இடமில்லை என்று ஃபான்ட்டைச் சுருக்குகிறார்கள். ‘அனுப்பு’ என்றாலே எல்லோருக்கும் புரியும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமையாக வைப்பதுதானே இப்போது அழகு?

எடுக்கும் ஒவ்வொன்றும் என்ன தகவல் தந்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். 1998-இல் ஐமேக்கோடு வந்த ஆப்பிள் மவுஸ் முழு வட்டம். பார்க்க லட்சணம், ஆனால் கையில் எடுத்தால் எது முன்பக்கம் என்று தெரியாது, பாயின்டர் கோணலாக ஓடும். 2000-இல் அதை மாற்றினார்கள். நீள்வட்டம் என்பது திசையைக் கைக்குச் சொல்லும் தகவல், அது வட்டமானதும் தொலைந்தது. கதவில் கைப்பிடியை எடுத்தால் ‘தள்ளு’ என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிவரும். விளக்க ஸ்டிக்கர் தேவைப்படுகிற இடத்தில் எல்லாம் வடிவம் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

செலவில்லாமல் எப்படிச் சோதிப்பது?

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும். பெரிய குறைகளில் பெரும்பாலானவை அதிலேயே வெளிவரும், திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போகலாம். உறவினர், நண்பர் வேண்டாம், முகத்துக்காகப் பேசுவார்கள். எம்.சி. ரோடு நெரிசலில் பயன்படும் பொருள் என்றால் அங்கேயே, கையில் பையோடு நிற்பவரிடம் கொடுங்கள்.

முதலில் பொருளைத் தொடாமல் காட்டி, பார்க்க எப்படி இருக்கிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்குங்கள். பிறகு மூன்று வேலை கொடுத்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். நேரம், தவறு, கை தயங்கிய இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். முடிந்ததும் அதே அழகு மதிப்பெண்ணைத் திரும்பக் கேளுங்கள். 6 கொடுத்தவர் 4 என்றால் கடன் தீர்ந்துவிட்டது; எங்கே தீர்ந்தது என்பது தயங்கிய இடங்களில் இருக்கும்.

கூடவே 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்.யு.எஸ். என்ற, பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்கும் பத்து வாக்கியப் படிவத்தைப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியத்தில் மதிப்பெண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள்; இரட்டைப்படையில் 5-இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள். கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு வரும். 68 சராசரி. இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும் வாக்கியங்கள். தமிழாக்கும்போது ‘இல்லாமல் இல்லை’ என்ற வாட்டத்தில் போய்விடாமல், ‘இது குழப்பமாக இருந்தது’ என்று நேராக எழுதிப் படித்துக் காட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: அழகான மாதிரியில் தடுமாறுபவர் பொருளைக் குறை சொல்ல மாட்டார், ‘எனக்குத்தான் தெரியலை’ என்பார். அவர் வாயிலிருந்து வரும் மதிப்பெண்ணைவிட அவர் கை செய்ததை நம்புங்கள்.

முதலாளிக்குப் பளபள மாதிரிதான் பிடித்திருக்கிறது. என்ன செய்ய?

வாதாட வேண்டாம். இரண்டு மாதிரியையும் ஈரக் கையோடு அவரையே திறக்கச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் மோல்டு வெட்டும் முன் எதைத் தீர்மானிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

மோல்டில் இரும்பை வெட்டி எடுப்பது சுலபம், திரும்பச் சேர்க்க வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும். செலவும் தழும்பும் மிஞ்சும். இரும்பை வெட்டினால் பிளாஸ்டிக் தடிக்கும். எனவே சந்தேகமான கைப்பிடி, கிளிப், விளிம்பு எல்லாவற்றையும் கொஞ்சம் மெலிதாக வைத்து முதல் ஷாட் எடுங்கள். சோதனைக்குப் பிறகு தேவையான அளவு வெட்டித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

மேற்பரப்பு டெக்ஸ்சரைக் கடைசிக்கு விடுங்கள். ஈரக் கை வழுக்காமல் இருக்கவும், விரல் ரேகை தெரியாமல் இருக்கவும், பார்வைக்கு நன்றாக இருக்கவும் மூன்றுக்கும் ஒரே டெக்ஸ்சர்தான் வேலை செய்யும், அதனால் கைப்பிடி அளவு உறுதியான பிறகே மோல்டை டெக்ஸ்சர் அரிக்கும் அமிலத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அதற்கான பக்கச்சுவர்ச் சரிவு மட்டும் முதல் வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும்: டெக்ஸ்சரின் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி கூடுதல். அதை விட்டுவிட்டால் பொருள் மோல்டிலிருந்து உரசிக்கொண்டு வெளியே வரும். பக்கச்சுவரில் இழுத்த கோடு ஒவ்வொரு பீஸிலும் தெரியும்.